முப்பத்திரண்டு கூட்டவும்

மே 2

இன்று எனக்கென்று ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். வெயில்.

'பாலாற்றுச் செய்தி'யின் வேலூர் அலுவலகத்தில் நான் பயிற்சி உதவி ஆசிரியர். மூன்றாம் பக்கத்தின் வலது மூலையில் 'வெயில்' என்று ஒரு சிறிய பெட்டி வரும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திருவண்ணாமலைக்கு மாற்றலாகிவிட்டார். பொறுப்பாசிரியர் தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"மலையடிவாரத்துல காலேஜ் இருக்குதுல்ல, அதுல ஒரு வானிலை நிலையம் வெச்சிருக்காங்க. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் போடு. செல்சியஸ்ல சொல்லுவாங்க. நீ ஃபாரன்ஹீட்ல மாத்திப் போடு."

"ஏன் சார் மாத்தணும்? டி.வி.யில எல்லாம் செல்சியஸ்தானே?"

கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பத்தொண்ணுன்னு போட்டா எவன்யா வெயில்னு நம்புவான்? நாப்பத்தொண்ணு பஸ் நம்பரு. நூத்தி ஆறுன்னு போடு. படிக்கும்போதே வேர்க்கணும்."

முந்தையவர் மேசையில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பதால் பெருக்கவும். ஐந்தால் வகுக்கவும். முப்பத்திரண்டு கூட்டவும்.

நான் முதுகலையில் மெய்யியல் படித்தவன். ஆய்வேட்டின் தலைப்பு 'மௌனத்தின் இருப்பு'. அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். இன்னொருவர் தட்டச்சு செய்தவர்.

கத்திரி முடியும்போது என் பயிற்சிக் காலமும் முடிகிறது. நிரந்தரம் ஆனால் வேலூர். இல்லையென்றால் மன்னார்குடி, மாமாவின் உரக்கடை. மாமா எனக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டாராம். அது சுழலும் என்று அம்மா சொன்னாள்.

மே 3

ஆறு மணி.

"வானிலை நிலையம்." பெண் குரல்.

"வணக்கம். பாலாற்றுச் செய்தியில இருந்து பேசறேன்."

"பழைய சார் இல்லையா?"

"மாற்றலாயிட்டார். இனிமே நான்தான்."

"சரி, எழுதிக்கிடுங்க. முப்பத்தொம்பது புள்ளி நாலு."

எழுதினேன். நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"என்ன சார், வாசிச்சுக் காட்டாமப் போறிய?"

அதுதான் வழக்கமாம். சொன்ன எண்ணை மாற்றி, அச்சில் வரப்போகும் வாக்கியமாகவே திரும்ப வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' வந்த பிறகுதான் வைக்க வேண்டும். பெருக்கினேன். வகுத்தேன். அங்கே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"வேலூரில் நேற்று 102.9 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் பதிவானது."

"சரி. கொஞ்சம் வெரசாப் பெருக்குங்க சார். இங்க பொழுது அடஞ்சிரும் போலிருக்கு."

வாசித்துக் காட்டுவதைப் பற்றித் தணிகாசலம் சாரிடம் கேட்டேன். "ஆமா. அது நம்ம சட்டம். வாசிச்சுக் காட்டி அவங்க சரின்னு சொன்னப்புறம் தப்பு வந்தா அது அவங்க தப்பு. காட்டாம வந்தா உன் தப்பு."

ஃபோனில் பேசியவர் பெயர் இசக்கிசெல்வி. ஆய்வு உதவியாளர். எம்.எஸ்ஸி. பௌதிகம். அம்பாசமுத்திரம். இதில் எதுவும் வெயில் பெட்டிக்குத் தேவைப்படாது.

மே 4

கத்திரி தொடக்கம். வாளித் தண்ணீர் தானாகவே வெந்நீர்.

மே 6

மதியம் எங்கிருந்தோ மேகம் வந்து நின்றது. மாலையில் ஃபோன் செய்தால், முப்பத்தேழு புள்ளி ஏழு. மாற்றினால் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.

தணிகாசலம் சாருக்கு முகம் விழுந்துவிட்டது.

"திருத்தணி சதம். கரூர் சதம். கத்திரியில நம்ம ஊரு தொண்ணூத்தொம்பதா? வெளிய தலை காட்ட முடியுமா? கேட்டுப் பாருய்யா."

"என்ன கேக்கறது சார்?"

"பார்த்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு."

மறுபடியும் ஃபோன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஒரே ஒரு புள்ளி. முப்பத்தேழு புள்ளி எட்டுன்னா சதம் வந்துடும்."

"கீரைக்காரிகிட்ட கொசுறு கேக்க மாதிரில்லா கேக்கிய."

"எங்க சார்தான்..."

"அந்தப் புள்ளி என்ன எங்க வீட்டுதா? பாதரசத்துக்கிட்ட கேளுங்க. அது இளகுன மனசுதான். ஆனா வெயில் அடிச்சாத்தான் ஏறும்."

99.9 என்றே போனது. தணிகாசலம் சார் மேலே தலைப்பு வைத்தார்: 'சதத்தை நழுவவிட்டது வேலூர்'.

மே 8

குழாயில் தண்ணீர் இல்லை. ஊறவைத்த சட்டைகள் ஊறியபடியே. அம்மா ஃபோன்.

"என்னடா வேலை குடுத்திருக்காங்க?"

"வெயில்."

"வெயில்ல நிக்கச் சொல்றாங்களா?"

"இல்லம்மா. வெயிலை எழுதணும்."

"அதை எழுதணுமா? வெளில வந்தா தெரியாதா?"

மெய்யியல் துறையில் யாரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

"அந்த நாற்காலி உறை கூடப் பிரிக்காம இருக்குடா. மாமா யாரையும் உக்கார விடறதில்ல."

கத்திரி முடியட்டும் என்றேன்.

மே 9

ஆறு மணிக்கு முன்னால் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டேன். தூசி அதிகம்.

மே 11

ஞாயிறு. நிலையத்துக்கு விடுமுறை, வெயிலுக்கு இல்லை. காவலாளி எடுத்தார்.

"எவ்வளவுங்க இன்னைக்கு?"

"ஒரு நாப்பது இருக்கும் சார்."

"நாப்பதுக்கு அப்புறம் புள்ளி?"

"நாப்பதே போதும் சார். அதுவே தாங்கல."

104 டிகிரி. புள்ளிக்குப் பின்னால் எதுவும் இல்லாத நாள்.

மே 13

காய்ச்சல். வீட்டுக்கார அம்மா வெப்பமானியை வாயில் வைத்துவிட்டு, தன் தங்கை மகனின் காய்ச்சல் வரலாறு முழுவதையும் சொன்னார். வாயில் கண்ணாடிக் குழாய் இருந்ததால் மறுக்க முடியவில்லை. நூற்றிரண்டு.

அலுவலகத்தில் வேறு யாராவது ஃபோன் செய்துகொள்வதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். படுத்தபடியே செய்தேன். கடமை.

"குரல் என்ன சார் இப்படி இருக்கு?"

"காய்ச்சல். நூத்தி ரெண்டு."

ஒரு நொடிகூட ஆகவில்லை. "அப்போ முப்பத்தெட்டு புள்ளி ஒம்பது. வேலூர் இன்னைக்கு நாப்பது புள்ளி ஆறு. ஊரைவிடக் குளுமையாத்தான் இருக்கிய. பயப்படாதிய."

"105.1 டிகிரி வெயில் பதிவானது."

"சரி. கஞ்சி குடிச்சியளா?"

இது வாசித்துக் காட்ட வேண்டிய வாக்கியமா என்று தெரியவில்லை. "குடிச்சேன்" என்றேன். பிறகு எழுந்து போய்க் குடித்தேன்.

மே 14

காய்ச்சல் 99.6. சதம் போயிற்று.

இன்று அவரே ஃபோன் செய்தார். வெப்பநிலை சொல்ல அல்ல, கேட்க.

மே 16

ஒரு கண்டுபிடிப்பு. மைனஸ் நாற்பதில் மட்டும் இரண்டு அளவுகளும் ஒன்றே. அங்கே மாற்ற வேண்டியதில்லை. வேறெங்கும் அவை சந்திப்பதே இல்லை. ஆறு மணிக்கு இதைச் சொன்னேன். என் ஆய்வேட்டின் நேர்காணலில்கூட எதையும் இவ்வளவு ஆர்வத்தோடு சொன்னதில்லை.

"அது எட்டாம் வகுப்புலயே வரும் சார்."

"எனக்கு வரலை."

"சரி, சந்திச்சு என்ன பண்ணும்? ரெண்டும் சேந்து வெறைச்சுப் போகும். ஒத்துப்போறேன்னு அம்புட்டுக் குளிர்ல போயி நிக்கதுக்கு, சண்டை போட்டுக்கிட்டு வேலூர்லயே கெடக்கலாம்."

பிறகு என் ஆய்வேடு எதைப் பற்றி என்று கேட்டார். மௌனத்தைப் பற்றி என்றேன்.

"எத்தனை பக்கம்?"

"இருநூத்திப் பத்து."

சிரிப்பு அடங்க நேரமானது. வாசித்துக் காட்டும்போது என் குரலிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

'வேலூர்லயே' என்ற சொல்லைத் தனியாகக் குறித்துவைக்கிறேன். காரணம் இல்லை.

மே 17

மாலை ஆறுக்கும் ஆறேகாலுக்கும் இடையில் வெக்கை குறைவாக இருப்பதாகப் படுகிறது. சரிபார்க்க வேண்டும்.

மே 19

தணிகாசலம் சார் ஆரணிக்கு ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டார். பக்கத்தை நானே முடித்து அனுப்ப வேண்டும். முதல்முறை.

ஆறு மணிக்கு ஃபோன். நாற்பத்தொன்று புள்ளி நான்கு. மாற்றினேன். 106.5. எழுதிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அந்த வெப்பமானியெல்லாம் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள்ள இருக்கும்னு சொன்னீங்களே. ஒரு நாள் வந்து பார்க்கலாமா?"

மின்விசிறி கிறீச்சிட்டது.

"செய்திக்காகவா?"

"ஆமா. செய்திக்காகத்தான்."

"அப்போ வர வேண்டாம். போட்டோ அனுப்புதேன், போட்டுக்கிடுங்க."

நான் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றினேன்.

"செய்திக்காக இல்ல."

இதற்கு ஒரு மௌனம். இருநூற்றுப் பத்துப் பக்கங்களில் நான் எழுதாத வகை.

"அப்போ யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். பிறகு மூச்சுவிடாமல், "சார், இன்னைக்கு முன்னறிவிப்பும் இருக்கு, எழுதிக்கிடுங்க. அடுத்த மூணு நாளைக்கு வட மாவட்டங்கள்ல வெப்பநிலை ரெண்டுல இருந்து மூணு டிகிரி செல்சியஸ் வரைக்கும் உயரும்."

இதுவரை எண்களை மட்டுமே மாற்றியிருக்கிறேன். இன்று ஒரு வாக்கியத்தையே மாற்றினேன். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டு கூட்டி, புள்ளிகளை முழுமையாக்கி, வாசித்துக் காட்டினேன்.

"வேலூர் உள்ளிட்ட வட மாவட்டங்களில் அடுத்த மூன்று நாள்களுக்கு வெப்பநிலை 36 முதல் 37 டிகிரி ஃபாரன்ஹீட் வரை உயரும்."

"சரி" என்றார்.

"சரி" என்றேன்.

யாரும் வைக்கவில்லை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வைத்தோம்.

நல்ல நாள். பக்கம் சரியான நேரத்துக்குப் போனது.

மே 20

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டினார். "குடிங்க சார். இன்னைக்கு மட்டும்தான் அடுப்பு. நாளையில இருந்து பாலைத் தூக்கி வெளிய வெச்சாப் போதும்."

பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை விரித்துக் காட்டினார். மூன்றாம் பக்கம். என் வாக்கியம்.

"நேத்து நூத்தி ஆறரை. அதுக்கு மேல முப்பத்தேழு ஏறும்னு போட்டுக்கிறான். நூத்தி நாப்பத்து மூணரை. கோட்டை அகழில மீனெல்லாம் கொழம்பாவே கெடைக்கும்."

பாதி டீயோடு எழுந்தேன்.

அலுவலகத்தில் ஃபோன் ஓயவில்லை. ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து, முகூர்த்தத்தை விடியற்காலைக்கு மாற்றலாமா என்று. ஒரு கோழிப் பண்ணைக்காரர், முட்டைகள் கூண்டிலேயே அவிந்துவிடுமா என்று. அவர் கேலி செய்கிறாரா, பயப்படுகிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை. நான் இருவருக்கும் 'இல்லைங்க' என்றேன்.

தணிகாசலம் சார் ஆரணியிலிருந்து நேராக வந்தார். கையில் சீமந்தத்து வளைகாப்புப் பை. அதை மேசையில் வைத்தார். பேப்பரை அதன்மேல் வைத்தார்.

"தம்பி, நீ எம்.ஏ.தானே?"

"ஆமா சார்."

"மூணு டிகிரி ஏறும்னு சொன்னா, மாத்தினா முப்பத்தேழா?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. சீட்டில் உள்ளபடிதான் செய்தேன் என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கும் கணக்கு வராது. ஆனா வேலூர் உருகிடும்னு தெரியும்." பிறகு குரல் இறங்கியது. "ஃபோன்ல வாசிச்சுக் காட்டினியா?"

நான்கு மேசைகளிலும் தட்டச்சு நின்றது.

"அவங்க சரின்னு சொல்லியிருந்தா, அவங்க மேலாளருக்கு ஒரு வார்த்தை போட்டுட்டு உன்னை விட்டுடலாம். காட்டலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. சனிக்கிழமை முதலாளி வராரு. உன் ஃபைலைத்தான் கேக்கப் போறாரு. யோசிச்சுச் சொல்லு."

"வாசிச்சுக் காட்டலை சார்."

"ஏன்?"

"அவசரத்துல விட்டுட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெயில்.

மே 21

திருத்தம் நானே எழுதினேன். 'வெப்பநிலை 36 முதல் 37 டிகிரி உயரும் என்று வெளியான செய்தி தவறானது. வாசகர்கள் பொறுத்தருள்க.' தணிகாசலம் சார் 'வாசகர்கள்' என்பதன் முன் 'வியர்த்துப்போன' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டார்.

வெயில் பெட்டி என்னிடம் இல்லை. எனக்கு மின்தடை அறிவிப்புகள்.

ஆறு மணிக்கு இசக்கிசெல்வியே ஃபோன் செய்தார். நான் காட்பாடி மின்தடையை எழுதிக்கொண்டிருந்தேன். தணிகாசலம் சார் எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் கேட்டது.

"சொல்லும்மா... நாப்பத்தொண்ணு புள்ளி எட்டு... இரு, எழுதிக்கறேன்... இல்லம்மா, அவர் வேற வேலையா கீறாரு... ஆமா, அந்தத் தப்புதான்... இன்னா பண்றது, உங்ககிட்ட வாசிச்சே காட்டாம அனுப்பிட்டேன்னு சொல்றான்..."

இடைவெளி.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?... சரி, சரி, வெச்சுடறேன்."

காட்பாடியில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. இரண்டு முறை எழுதிவிட்டேன்.

மே 22

இன்று உட்கார்ந்து யோசித்தேன். பள்ளியில் யோசித்திருக்க வேண்டியது.

பனி உருகும் இடத்தை ஓர் அளவு பூஜ்யம் என்கிறது. அதே இடத்தை மற்றது முப்பத்திரண்டு என்கிறது. அதனால்தான் கூட்டுகிறோம். 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்டால் கூட்ட வேண்டும். 'எவ்வளவு ஏறினாய்' என்று கேட்டால் கூட்டக் கூடாது. ஏற்றத்துக்குப் பூஜ்யம் எங்கே என்ற கவலை இல்லை. இரண்டு டிகிரி ஏறினால் மூன்று புள்ளி ஆறு. மூன்று ஏறினால் ஐந்து புள்ளி நான்கு. அவ்வளவுதான். கோட்டை உருகாது.

அம்பாசமுத்திரம். மன்னார்குடி. தொடங்கிய இடம் வேறு வேறு. ஏற்றத்துக்கு அது பொருட்டல்ல.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வெப்பநிலையைப் பற்றித்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவர் பௌதிகம் படித்தவர். எண்ணைச் சொல்லி முடிக்குமுன் மாற்றிவிடுகிறவர். முப்பத்தேழு டிகிரி உயரும் என்று வாசித்தேன். சரி என்றார். எப்படி? அன்று அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

மாமா ஃபோன் செய்தார். நாற்காலியை இன்று துடைத்து வைத்தாராம்.

மே 23

மதியம், சாப்பாட்டு நேரம். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். கையில் கறுப்புக் குடை. முகம் முழுக்க வெயில்.

"தணிகாசலம் சாரைப் பாக்கணும்."

தயிர்சாதத்தோடு அப்படியே நின்றேன். அந்தக் குரலை வைத்து ஓர் உயரம் கணக்கிட்டு வைத்திருந்தேன். தவறு. மாற்றும்போது எங்கோ எதையோ கூட்டியிருக்கிறேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே நான் யார் என்று தெரிந்துகொண்டது தெரிந்தது.

"சார், நான் இசக்கிசெல்வி. வானிலை நிலையம். திங்கக்கிழமை அவுக எனக்கு வாசிச்சுக் காட்டுனாக. நான்தான் சரின்னு சொன்னேன். தப்பு என்னுது."

"இல்ல சார்" என்றேன். "நான் வாசிச்சுக் காட்டலை."

இப்போது என்னைப் பார்த்தார். "முப்பத்தாறுல இருந்து முப்பத்தேழுன்னு சொன்னியளா இல்லையா?"

"சொன்னேன்... ஆனா மாத்தினது நான்தானே."

"மாத்துனது நீங்க. சரின்னது நான். சட்டப்படி என் தப்பு."

"சட்டம் எங்க ஆபீஸ் சட்டம். உங்களுக்கு இல்ல."

"அதெப்படி? ஃபோனுக்கு ரெண்டு முனை இருக்குல்லா?"

தணிகாசலம் சார் கையை உயர்த்தினார். இருவரும் நிறுத்தினோம்.

"தப்பு வந்தா ஆளாளுக்கு அடுத்தவன் மேல தள்றதைத்தான் இந்த ஆபீஸ்ல பார்த்துகினு வரேன். ரெண்டு பேர் என்னுது என்னுதுன்னு இழுத்துக்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்." அவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ எம்.எஸ்ஸி. படிச்ச புள்ள. முப்பத்தேழு டிகிரி ஏறும்னு இவன் சொல்றான். உனக்குக் காதுல விழல?"

இசக்கிசெல்வி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"அந்த நேரம் விழல சார்."

"அப்படி இன்னா பேசிகினு இருந்தீங்க?"

"வெள்ளைப் பெட்டியைப் பத்தி சார்."

"பெட்டியைப் பத்தி."

"ஆமா சார்."

தணிகாசலம் சார் நெடுநேரம் நாள்காட்டியையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். நாங்கள் பார்க்கும் இடங்களில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுபோல.

"இது கணக்குத் தப்பே இல்லய்யா" என்றார். "போய்த் தண்ணி எடுத்தா. வேகாத வெயில்ல வந்துக்குது புள்ள."

தண்ணீர் கொண்டுவந்தேன். டம்ளரை வாங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மௌனத்தைப் பத்தி இருநூத்திப் பத்துப் பக்கம் எழுதுன ஆளு, வேணுங்கிற இடத்துல ஒத்தை வார்த்தை பேச மாட்டியளாக்கும்."

மாலையில் வெயில் பெட்டிக்கு 107.6 போனது. நான் எழுதவில்லை. தெரிந்துவைத்துக்கொண்டேன்.

மே 24

முதலாளி வந்தார், போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. உள்ளே தணிகாசலம் சார் கைகளை விரித்துப் பேசினார். முதலாளி சிரித்ததுபோல் இருந்தது. பல்வலியாகவும் இருக்கலாம்.

"இன்னா சொன்னார் தெரியுமா? 'அன்னைக்கு எல்லாக் கடையிலயும் பேப்பர் தீர்ந்துபோச்சாமே, அடுத்தது எப்போ ஏறும்'னு கேக்கறாரு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நிரந்தரம். திங்கக்கிழமை ஆர்டர் வரும். வெயிலையும் நீயே எடுத்துக்கோ. ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க சார்."

"இனிமே அந்த ஃபோன் ஸ்பீக்கர்ல. நடு மேசைல. எல்லார் காதும் கேக்கணும். ஒருத்தருக்கு விழலைன்னாலும் இன்னொருத்தருக்கு விழும்."

ஆறு மணி. ஃபோனைச் சுற்றி நான்கு மேசைகளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டன. ஒருவர் முறுக்குப் பொட்டலம் பிரித்தார்.

"வணக்கம். ஸ்பீக்கர்ல இருக்கு" என்றேன், ஓடும் ரயிலைப் பார்த்துக் கத்துகிறவனைப்போல.

"தெரியும். உங்க சார் சொல்லிட்டாக. எழுதிக்கிடுங்க. நாப்பது புள்ளி நாலு."

"வேலூரில் நேற்று 104.7 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் பதிவானது."

"சரி" என்றார்.

"சரி" என்றன நான்கு மேசைகளும்.

வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"இன்னொண்ணு. இந்தப் பெட்டியை வந்து பாக்கணும்னு உங்க பக்கத்துல இருந்து ஒரு விண்ணப்பம் இருந்துச்சு. யோசிச்சாச்சு. நாளைக்குச் சாயங்காலம் வரலாம்."

முறுக்குச் சத்தம் நின்றது. தணிகாசலம் சார் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"செய்திக்காகவாம்மா?"

மின்விசிறி கிறீச்சிட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"இல்ல சார்" என்றேன் நான்.

வாசித்துக் காட்டச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஃபோன் செய்து, நாற்காலியின் உறையைப் பிரித்துவிடலாம், மாமாவே உட்காரட்டும் என்றேன். "வெயில் அவ்வளவு பிடிச்சுப்போச்சாடா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மே 25

ஞாயிறு. ஓட்டேரி பக்கம் போகும் பேருந்து. எண் நாற்பத்தொன்று இல்லை. பார்த்தேன்.

வாசலில் காவலாளி. "நீங்கதானா புள்ளி கேக்கற சார்?"

புல்வெளியின் நடுவில் நான்கு கால்களில் அந்தப் பெட்டி. வெள்ளை. பக்கவாட்டில் சன்னல் பலகைகள்போல் சாய்த்து வைத்த சட்டங்கள். காற்று போகும், வெயில் போகாது. ஒரு பெரிய புறாக்கூடு. விடுமுறை நாளில் வந்திருந்த இசக்கிசெல்வி சாவியை எடுத்தார்.

"தொறந்த உடனே பாத்திரணும். முதல்ல புள்ளியைப் பாருங்க, அப்புறம் முழு எண்ணு."

"ஏன் அப்படி?"

"ஆளு பக்கத்துல நின்னா உடம்புச் சூட்டுல ஏறிரும். புள்ளிதான் முதல்ல மாறும். நின்னு யோசிச்சுப் பாத்தா, நம்மளைத்தான் அளந்துட்டு வந்திருப்போம்."

திறந்தார். உள்ளே இரண்டு வெப்பமானிகள் படுத்திருந்தன, இரண்டு நின்றிருந்தன. நின்றதில் ஒன்றைக் காட்டினார். குனிந்தேன். அவரும் குனிந்தார், நான் சரியாகப் பார்க்கிறேனா என்று.

"புள்ளி எட்டு" என்றேன். "முப்பத்தாறு. முப்பத்தாறு புள்ளி எட்டு."

"சரி."

மூடியிருக்க வேண்டும். அவர் அம்பாசமுத்திரத்தில் ஆற்றங்கரையிலேயே வெயில் தெரியாமல் வளர்ந்ததைச் சொன்னார். நான் மன்னார்குடியில் தெப்பக்குளத்தைச் சொன்னேன். பாதரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னோம். வேறெங்கும் பார்க்க வசதியில்லை.

"முப்பத்தேழு புள்ளி மூணு" என்றார் திடீரென்று. "அரை டிகிரி ஏறிட்டு."

"ஏன் ஏறுது?"

பின்னாலிருந்து காவலாளி: "ரெண்டு பேரும் தலையை உள்ள விட்டுகினு நின்னா ஏறாம இன்னா சார் பண்ணும்?"

சட்டென்று கதவை மூடினார். காதுவரை சிவந்திருந்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது, அதன்மேல் பழி போட முடியாது.

அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். செல்சியஸில் அரை டிகிரி ஏற்றம். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால், புள்ளி ஒன்பது. ஏற்றம் என்பதால் முப்பத்திரண்டு கூட்டக் கூடாது. தெரியும்.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது டிகிரி ஏற்றம்.

அதுதான் சரியாக இருந்தது.